எதனோடு எதை ஒப்பிட்டார்கள்? பெருங்குடல் புற்றுநோய் மருத்துவ ஆய்வுகளைப் புரிந்துகொள்ளல்

ஆடுமாடுகளுக்கும் மனிதர்களுக்கும் குடற்புழுவை நீக்கக் கொடுக்கப்பட்டுவந்த லெவாமிசோல் என்னும் மருந்து, ஒரு காலத்தில் பெருங்குடல் புற்றுநோய்ச் சிகிச்சையின் அங்கமாக இருந்தது. 1990-ஆம் ஆண்டில் சார்லஸ் மோர்டல் தலைமையிலான அமெரிக்க மருத்துவர்கள், 1,296 நோயாளிகளைச் சேர்த்து நடத்திய ஆய்வின் முடிவை வெளியிட்டனர். கட்டி முழுவதும் அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்டிருந்தாலும் அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்கு நோய் பரவியிருந்த மூன்றாம் நிலை நோயாளிகள் அதில் மூன்று பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டார்கள். முதல் பிரிவினர் மருந்தின்றிக் கண்காணிக்கப்பட்டனர். இரண்டாம் பிரிவினர் லெவாமிசோல் மட்டும் பெற்றனர். மூன்றாம் பிரிவினர் லெவாமிசோலுடன் ஃபுளோரோயுராசில் என்ற கீமோதெரபி மருந்தையும் பெற்றனர். மூன்றாம் பிரிவில் இறப்பு விகிதம் 33 சதவீதம் குறைந்திருந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் மருந்து கொடுத்தால் உயிர்கள் காப்பாற்றப்படும் என்பதைப் பெருங்குடல் புற்றுநோயில் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிய முடிவு அது. அந்த ஆண்டிலேயே அமெரிக்காவில் மூன்றாம் நிலை நோயாளிகளுக்கு இந்தக் கூட்டுமருந்து பரிந்துரைக்கப்பட்டது.

ஆனால் அந்த ஆய்வில் ஒரு பிரிவு இல்லை. ஃபுளோரோயுராசிலை மட்டும் பெற்றவர்கள் என்று மூன்றாம் நிலை நோயாளிகளில் எவருமே இல்லை. எனவே பயன் இரண்டு மருந்துகளின் கூட்டால் வந்ததா, ஃபுளோரோயுராசில் ஒன்றினாலேயே வந்ததா என்பதை அந்த ஆய்வினால் சொல்ல இயலவில்லை. அதற்கான விடை பின்னால் வந்த ஆய்வுகளில் கிடைத்தது. 2000-ஆம் ஆண்டில் வெளியான குவாசர் என்ற பிரிட்டிஷ் ஆய்வில் 4,927 நோயாளிகள் பங்கேற்றார்கள். எல்லோருக்கும் ஃபுளோரோயுராசில் கொடுக்கப்பட்டது. அதனுடன் ஒரு பாதியினருக்கு லெவாமிசோலும் மறுபாதியினருக்கு அதைப் போலவே தோற்றமளிக்கும் வெற்று மாத்திரையும் தரப்பட்டன. லெவாமிசோல் எந்த நன்மையும் செய்யவில்லை. புழுமருந்து சிகிச்சையிலிருந்து விலக்கப்பட்டது. ஃபுளோரோயுராசில் இன்றுவரை நிலைத்திருக்கிறது.

இந்த வரலாற்றை முதலில் சொல்லக் காரணம் உண்டு. ஒரு மருத்துவ ஆய்வு, அதாவது பலரும் கிளினிக்கல் டிரையல் என்றே குறிப்பிடுவது, தன்னுள் எந்த ஒப்பீடு அமைக்கப்பட்டிருக்கிறதோ அந்த ஒப்பீட்டுக்கு மட்டுமே விடை சொல்லும். 'புதிய மருந்து வெற்றி' என்ற செய்தியைப் படிக்கும்போதும், 'ஓர் ஆய்வில் சேருகிறீர்களா' என்று மருத்துவர் கேட்கும்போதும், முதலில் அறிந்துகொள்ள வேண்டியது மருந்தின் பெயரையல்ல. எவரிடத்தில், எதனோடு எதை ஒப்பிடுகிறார்கள் என்பதையே.

உலக அளவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 19 லட்சம் பேருக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்படுகிறது. 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதனால் இறக்கிறார்கள். குடற்சுவரோடு நின்றுவிட்ட கட்டியை அறுவை சிகிச்சை ஒன்றே பெரும்பாலும் குணப்படுத்திவிடுகிறது. நிணநீர்க் கணுக்களை எட்டிவிட்ட நோயில்தான் சிக்கல் தொடங்குகிறது. கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் புலப்படாத புற்றணுக்கள் உடலில் எங்கோ தங்கியிருக்கலாம், தங்காமலும் இருக்கலாம். அவற்றை அழிக்கவே அறுவை சிகிச்சைக்குப் பின் கீமோ கொடுக்கப்படுகிறது. கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ பரவிவிட்ட நான்காம் நிலையில் நோக்கம் வேறு: சிலருக்குக் குணம், பலருக்கு வாழ்நாளை நீட்டித்தல். ஒரு நிலையில் நடந்த ஆய்வின் முடிவை மற்றொரு நிலைக்கு எடுத்துச் செல்வது எவ்வளவு ஆபத்தானது என்பதைப் பின்னர் காண்போம்.

ஆய்வுகள் படிப்படியாக நடக்கின்றன. முதற்கட்டத்தில் சில பத்துப் பேருக்கு மருந்தைக் குறைந்த அளவிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டி, உடல் தாங்கும் அளவைக் கண்டறிகிறார்கள். மற்றப் பல நோய்களில் இக்கட்டத்தில் நலமாக உள்ளவர்களே சேர்க்கப்படுவார்கள் என்றாலும், புற்றுநோய் மருந்துகளின் நச்சுத்தன்மை காரணமாக இங்கே பெரும்பாலும் நோயாளிகளே சேர்க்கப்படுகிறார்கள். இரண்டாம் கட்டத்தில் கட்டி சுருங்குகிறதா என்று பார்க்கிறார்கள். மூன்றாம் கட்டத்தில்தான் நூற்றுக்கணக்கான, சில வேளை ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் புதிய சிகிச்சை நடைமுறையில் உள்ள சிகிச்சையோடு நேருக்கு நேர் ஒப்பிடப்படுகிறது.

அந்த ஒப்பீட்டில் யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை மருத்துவரும் தீர்மானிப்பதில்லை, நோயாளியும் தீர்மானிப்பதில்லை. சமவாய்ப்பு முறையில் கணினி ஒதுக்குகிறது. 'என் சிகிச்சையைக் குலுக்கிப் போட்டா முடிவு செய்வது?' என்று நோயாளி திகைப்பது இயல்பு. ஆனால் மருத்துவர் தேர்ந்தெடுத்தால் என்ன நேரும் என்று எண்ணிப் பாருங்கள். வலுவான மருந்தை அவர் இளையவருக்கும் உடல் தெம்பு உள்ளவருக்கும் கொடுப்பார்; முதியவரையும் இதய நோயாளியையும் பழைய மருந்திலேயே விட்டுவைப்பார். அது பொறுப்பான மருத்துவர் செய்யக்கூடியதுதான். ஐந்தாண்டு கழித்துப் புதிய மருந்து பெற்றவர்கள் அதிகம் பிழைத்திருந்தால், பிழைக்க வைத்தது மருந்தா, அவர்களின் இளமையா என்று பிரித்தறிய எந்த வழியும் இருக்காது. சமவாய்ப்பு ஒதுக்கீடு, தெரிந்த வேறுபாடுகளை மட்டுமல்லாமல் எவரும் அறியாத வேறுபாடுகளையும் இரு பிரிவுகளிலும் ஏறத்தாழச் சமமாகப் பரப்பிவிடுகிறது. இரு சிகிச்சைகளில் எது மேலானது என்று மருத்துவ உலகுக்கு உண்மையிலேயே தெரியாதபோது மட்டுமே இப்படி ஒதுக்குவது அறமாகும்.

வெற்று மாத்திரை பற்றிய அச்சமும் பரவலாக இருக்கிறது. பயனுள்ள சிகிச்சை ஒன்று ஏற்கெனவே இருக்கையில், அதை மறுத்துவிட்டு வெற்று மாத்திரை மட்டும் தரும் ஆய்வை நெறிமுறைக் குழுக்கள் அனுமதிப்பதில்லை. குவாசர் ஆய்வில் நடந்ததைப் போல, வழக்கமான சிகிச்சை எல்லோருக்கும் கிடைக்க, கூடுதல் மருந்தின் இடத்தில்தான் வெற்று மாத்திரை வருகிறது. கிடைக்கக்கூடிய மருந்துகள் அனைத்தும் பலனின்றிப் போன நோயாளிகளிடம் ரெகோராஃபெனிப் மருந்தைச் சோதித்தபோது, ஒப்பீட்டுப் பிரிவினருக்கு வெற்று மாத்திரை தரப்பட்டது. அவர்களுக்கும் வலி நிவாரணம் முதலான ஆதரவுச் சிகிச்சை முழுமையாகத் தொடர்ந்தது.

இனி எண்களுக்கு வருவோம். 2004-இல் வெளியான மொசைக் ஆய்வில், இரண்டாம் நிலை (கட்டி ஆழமாக ஊடுருவியும் நிணநீர்க் கணுக்களை எட்டாத நிலை), மூன்றாம் நிலை நோயாளிகள் 2,246 பேர் பங்கேற்றார்கள். ஃபுளோரோயுராசில், லூக்கோவோரின் ஆகிய பழைய மருந்துகளோடு ஆக்ஸாலிபிளாட்டினைச் சேர்த்தால் பயன் கூடுமா என்பது கேள்வி. மூன்றாண்டு முடிவில் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள், பழைய சிகிச்சையில் 72.9 சதவீதம், ஆக்ஸாலிபிளாட்டின் சேர்த்தபோது 78.2 சதவீதம். ஃபோல்ஃபாக்ஸ் என்று இன்று உலகெங்கும் வழங்கும் கூட்டுமருந்து இப்படித்தான் நிலைபெற்றது. இந்த எண்ணை நூறு பேர் என்ற கணக்கில் வைத்துப் பார்த்தால் வேறொன்றும் தெரியும். நூறு பேரில் 73 பேர் ஆக்ஸாலிபிளாட்டின் இல்லாமலேயே நலமாக இருந்திருப்பார்கள். 22 பேருக்கு அதைக் கொடுத்தும் பயனில்லை. அதனால் பயன்பெற்றவர்கள் ஐந்து பேர். பக்கவிளைவோ நூறு பேரின் முன்னும் நிற்கிறது. ஆக்ஸாலிபிளாட்டின் கைகால் நரம்புகளைத் தாக்குகிறது. விரல் நுனி மரத்துப்போகும். குளிர்ந்த பொருளைத் தொட்டால் சுருக்கென்று குத்தும். சட்டைப் பொத்தானைப் போடுவதுகூடச் சிலருக்கு முடியாமல் போகும். சிலருக்கு இது ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். அந்த ஐந்து பேர் பெற்ற பயன் பெரிது என்பதில் எனக்கு ஐயமில்லை. அதே வேளையில், மற்றத் தொண்ணூற்றைந்து பேர் தாங்குவதைக் குறைக்க வழியுண்டா என்ற கேள்வியும் அதற்கு இணையான மதிப்புடையது.

அந்தக் கேள்வியை எழுப்பியது ஐடியா என்ற கூட்டாய்வு. என் கருத்தில் இத்துறையின் மிகப் பெருமைக்குரிய முயற்சிகளுள் இது ஒன்று. ஏனெனில் எந்த மருந்து நிறுவனமும் தன் மருந்தைக் குறைவாகக் கொடுக்கலாமா என்று ஆராய்வதற்கு ஆர்வம் காட்டாது. ஆறு மாதக் கீமோவுக்குப் பதில் மூன்று மாதம் போதுமா என்று, 12 நாடுகளில் நடந்த ஆறு ஆய்வுகளின் தரவுகளை, முன்கூட்டியே வகுத்த திட்டப்படி ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். மூன்றாம் நிலை நோயாளிகள் 12,834 பேர். முடிவு 2018-இல் வெளியானது. மூன்றாண்டில் நோய் திரும்பாமல் வாழ்ந்தவர்கள், மூன்று மாதச் சிகிச்சையில் 74.6 சதவீதம், ஆறு மாதச் சிகிச்சையில் 75.5 சதவீதம். நரம்புப் பாதிப்பிலோ பெரும் வேறுபாடு: ஃபோல்ஃபாக்ஸ் பெற்றவர்களில், குறிப்பிடத்தக்க அளவுக்கோ அதற்கு மேலோ பாதிக்கப்பட்டவர்கள் ஆறு மாதத்தில் 47.7 சதவீதம், மூன்று மாதத்தில் 16.6 சதவீதம்.

இவ்வளவு நெருக்கமான முடிவு கிடைத்தும், மூன்று மாதச் சிகிச்சை பயனில் குறைந்ததல்ல என்று ஆய்வாளர்கள் ஒட்டுமொத்தமாக அறிவிக்கவில்லை. எவ்வளவு இழப்பு வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று ஆய்வு தொடங்குமுன்பே ஓர் எல்லையை வகுத்திருந்தார்கள். ஆறு மாதப் பிரிவின் அபாயத்தை 1 என்று கொண்டால், மூன்று மாதப் பிரிவில் நோய் திரும்பும் அல்லது இறக்கும் அபாய விகிதம் 1.12-ஐத் தாண்டக்கூடாது என்பதே அது. கிடைத்த மதிப்பீடு 1.07, ஆனால் அதன் புள்ளியியல் ஐயவரம்பின் (உண்மை மதிப்பு அமையக்கூடிய வீச்சின்) மேல்முனை 1.15-ஐத் தொட்டது. தாங்களே போட்ட கோட்டைத் தாண்டிவிட்டதால், தங்களுக்கு உவப்பான முடிவைச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டார்கள். உட்பிரிவுகளைப் பார்த்தபோது, ஆக்ஸாலிபிளாட்டினுடன் கேப்சிட்டபைன் மாத்திரையைச் சேர்த்த கேபாக்ஸ் முறையில் மூன்று மாதம் போதுமானதாகத் தெரிந்தது. அபாயம் குறைந்த மூன்றாம் நிலை நோயாளிகளில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தனர். இன்று அத்தகைய நோயாளியிடம் 'மூன்று மாதம் போதும்' என்று ஒரு மருத்துவர் சொல்வாரானால், அந்தச் சொல்லுக்குப் பின்னால் இந்தப் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் பேர் நிற்கிறார்கள்.

கூடுதல் மருந்து கூடுதல் நன்மை தரும் என்ற எதிர்பார்ப்பு பெருங்குடல் புற்றுநோயில் திரும்பத் திரும்பப் பொய்த்திருக்கிறது. நான்காம் நிலையில் வாழ்நாளை நீட்டித்த இரினோடீக்கனை மூன்றாம் நிலையில் கொடுத்தால் இன்னும் அதிகமானோர் குணமடைவார்கள் என்று நம்புவதற்கு எல்லா நியாயமும் இருந்தது. அமெரிக்காவில் 1,264 பேரிடம் நடந்த ஆய்வில் பயன் எதுவும் தெரியவில்லை. சிகிச்சைக் காலத்து மரணங்களும் நச்சு விளைவுகளும்தான் கூடின. ஐரோப்பிய ஆய்வுகளும் அம்மருந்துக்குக் கைகொடுக்கவில்லை. கட்டிக்கு இரத்தம் பாயும் நாளங்கள் வளராமல் தடுக்கும் பெவாசிசுமாப், 2004-இல் 813 பேரிடம் நடந்த ஆய்வில் நான்காம் நிலை நோயாளிகளின் இடைநிலை வாழ்நாளை (பாதிப் பேர் கடந்து வாழ்ந்த காலத்தை) 15.6 மாதத்திலிருந்து 20.3 மாதமாக உயர்த்தியது. அதே மருந்து, அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய இரு பேராய்வுகளில் தோற்றது; அவற்றுள் ஒன்றில் தீங்கின் அறிகுறிகூடத் தென்பட்டது. நான்காம் நிலையில் பயன்படும் செடுக்சிமாப் என்ற மருந்துக்கும் மூன்றாம் நிலையில் இதே கதிதான். வளர்ந்த கட்டியும், ஆங்காங்கே தங்கிவிட்ட சில புற்றணுக்களும் உயிரியலில் ஒன்றல்ல என்பதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. இத்தோல்விகளை வீண் என்று எண்ணுவது தவறு. அந்த ஆய்வுகள் நடக்காதிருந்தால், நியாயமான நம்பிக்கை ஒன்றின் பேரில் இலட்சக்கணக்கானோர் இன்றும் பயனற்ற நஞ்சை உடலில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள்.

இதுவரை சொன்னவை 'எதனோடு எதை' என்பது பற்றியவை. 'எவரிடத்தில்' என்ற கேள்வியின் எடையைச் செடுக்சிமாப் கற்றுக்கொடுத்தது. நான்காம் நிலை நோயாளிகள் எல்லோரையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது அதன் பயன் சிறிதாகவே இருந்தது. பின்னர், கனடாவும் ஆஸ்திரேலியாவும் நடத்திய ஆய்வொன்றில் பங்கேற்றவர்களின் சேமித்துவைத்த கட்டித் திசுக்களில் கே-ராஸ் என்ற மரபணுவை ஆராய்ந்தார்கள். 2008-இல் வெளியான அம்முடிவின்படி, அந்த மரபணுவில் பிறழ்வு இருந்தவர்களுக்குப் பயன் சிறிதும் இல்லை. பிறழ்வு இல்லாதவர்களின் இடைநிலை வாழ்நாள் 4.8 மாதத்திலிருந்து 9.5 மாதமாக, அதாவது ஏறத்தாழ இரு மடங்காகக் கூடியிருந்தது. அந்தத் திசுக்களைத் தந்த நோயாளிகளில் பலர் முடிவு வருமுன் இறந்திருப்பார்கள். இன்று இம்மருந்தைத் தொடங்குமுன் ஒவ்வொருவருக்கும் செய்யப்படும் மரபணுச் சோதனை அவர்கள் விட்டுச்சென்ற கொடை.

இன்னொரு கண்டுபிடிப்பு ஒரே ஒரு நோயாளியிடமிருந்து தொடங்கியது. நோயெதிர்ப்பு அணுக்களின் தடையை விலக்கிப் புற்றுக்கு எதிராக ஏவும் இம்யூனோதெரபி மருந்துகள் தொடக்க ஆய்வுகளில் தரப்பட்டபோது, பெருங்குடல் புற்றுநோயாளிகள் 33 பேரில் ஒருவரிடம் மட்டுமே கட்டி சுருங்கியது. சராசரியைப் பார்த்தால் இது தோல்வி. ஆனால் அந்த ஒருவரின் கட்டி ஏன் மறைந்தது என்று சிலர் கேட்டார்கள். உயிரணு பிரியும்போது டிஎன்ஏ படியெடுப்பில் நேரும் பிழைகளைத் திருத்தும் அமைப்பு சிலரது கட்டிகளில் பழுதுபட்டிருக்கும். பிழைகள் ஆயிரக்கணக்கில் குவிந்து, கட்டி உடலுக்கு அந்நியமாகத் தோன்றும். எதிர்ப்பு அணுக்கள் அதை அடையாளம் காண்பது எளிதாகும். இக்கருதுகோளைச் சோதித்து 2015-இல் வெளியான சிறிய ஆய்வில், பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைப் பெற்றவர்களுள் பழுதுள்ள கட்டிகளைக் கொண்ட 10 பெருங்குடல் புற்றுநோயாளிகளில் நால்வருக்குப் பலன் கிடைத்தது. பழுதில்லாத 18 பேரில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை.

அதன் பின் கதவுகள் விரைந்து திறந்தன. 2020-இல் வெளியான கீநோட்-177 ஆய்வில், இவ்வகைக் கட்டி பரவிய 307 நோயாளிகளில், பெம்ப்ரோலிசுமாப் பெற்றவர்களின் நோய் முற்றாதிருந்த இடைநிலைக் காலம் 16.5 மாதம்; கீமோ பெற்றவர்களுக்கு அது 8.2 மாதம். ஒட்டுமொத்த வாழ்நாளில் மட்டும் வேறுபாடு புள்ளியியல் அளவுகோலை எட்டவில்லை. காரணம் மனிதநேயமானது: கீமோ பிரிவில் இருந்தவர்களுக்கு நோய் முற்றியதும், பெரும்பான்மையோர் இம்யூனோதெரபிக்கு மாறிக்கொண்டார்கள். ஒப்பீட்டின் கூர்மை மழுங்கியது. நோயாளிகள் நன்மை பெற்றார்கள். வாழ்நாள் கூடவில்லை என்ற ஒரு வரியை மட்டும் படித்தவர் இம்மருந்தைத் தவறாக எடைபோட்டுவிடுவார்.

நெதர்லாந்தில் நடந்த நிச்-2 ஆய்வு இன்னும் ஒரு படி முன்னே சென்று, இம்யூனோதெரபி மருந்துகளை அறுவை சிகிச்சைக்கு முன்பே, சில வாரங்கள் மட்டும் கொடுத்துப் பார்த்தது. 2024-இல் வெளியான முடிவில், மதிப்பிடப்பட்ட 111 பேரில் 109 பேரின் கட்டி மருந்துக்கு வசப்பட்டிருந்தது. 68 சதவீதத்தினரின் அகற்றப்பட்ட குடற்பகுதியில் உயிருள்ள புற்றணு ஒன்றுகூட இல்லை. ஒப்பீட்டுப் பிரிவே இல்லாத ஆய்வு இது. வழக்கமான கீமோவில் இவ்வளவு பலன் எவரும் கண்டதில்லை என்பதால் அதன் எடை குறையவில்லை. ஆனாலும், அறுவை சிகிச்சையையே தவிர்க்கலாமா என்ற கேள்விக்கு அது விடையாகாது. அதற்குத் தனி ஆய்வுகள் தேவை. மூன்றாம் நிலையில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு, கீமோவோடு அடெசோலிசுமாப் என்ற இன்னொரு இம்யூனோதெரபி மருந்தைச் சேர்த்த அடாமிக் ஆய்வும் 2025-இல் நற்செய்தி தந்தது. இத்தனை மகிழ்ச்சிக்கும் உரியவர்கள் சிறுபான்மையினர் என்பதை மறைக்கக்கூடாது. தொடக்க நிலைகளில் பத்துப் பதினைந்து சதவீதத்தினருக்கும், நான்காம் நிலையில் ஏறத்தாழ ஐந்து சதவீதத்தினருக்கும் மட்டுமே இவ்வகைக் கட்டி இருக்கிறது.

மருந்தைக் கூட்டும் முயற்சிகளுக்கு இணையாக, தேவையற்றவருக்கு மருந்தைத் தவிர்க்கும் முயற்சியும் நடந்துவருகிறது. புற்றணுக்கள் இரத்தத்தில் உதிர்க்கும் டிஎன்ஏ துணுக்குகளைக் கண்டறியும் சோதனை ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவில் நடந்த டைனமிக் ஆய்வில், இரண்டாம் நிலை நோயாளிகள் 455 பேரில் ஒரு பிரிவினருக்கு அச்சோதனையின்படியும், மற்றப் பிரிவினருக்கு வழக்கமான அளவுகோல்களின்படியும் கீமோ தேவையா என்று முடிவு செய்தார்கள். கீமோ பெற்றவர்கள் முதல் பிரிவில் 15 சதவீதம், இரண்டாவதில் 28 சதவீதம். இரண்டாண்டில் நோய் திரும்பாதிருந்தவர்களோ முறையே 93.5, 92.4 சதவீதம். கீமோ பெறுவோர் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தும் இழப்பு தெரியவில்லை.

மருந்தே இல்லாத சிகிச்சையையும் இதே கண்டிப்போடு சோதிக்க முடியும். முதன்மையாகக் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த சேலஞ்ச் ஆய்வு, கீமோவை முடித்த 889 பேரில் ஒரு பிரிவினருக்கு மூன்றாண்டுகள் பயிற்றுநர் துணையோடு உடற்பயிற்சித் திட்டத்தையும், மற்றவர்களுக்கு உடல்நலக் கையேட்டையும் வழங்கியது. ஐந்தாண்டு முடிவில் நோய் திரும்பாமல் வாழ்ந்தவர்கள் பயிற்சிப் பிரிவில் 80.3 சதவீதம், கையேட்டுப் பிரிவில் 73.9 சதவீதம். 2009-இல் ஆள்சேர்ப்பைத் தொடங்கிய இந்த ஆய்வின் முடிவு 2025-இல்தான் வந்தது. மொசைக்கில் ஆக்ஸாலிபிளாட்டின் தந்த பயனுக்கு அருகே வைக்கத்தக்க எண் இது. இங்கேயும் ஒப்பீட்டை மறக்கக்கூடாது: சோதிக்கப்பட்டது 'நடங்கள்' என்ற அறிவுரை அன்று, அந்த அறிவுரையைத்தான் கையேட்டுப் பிரிவினரும் பெற்றார்கள். சோதிக்கப்பட்டது மூன்றாண்டு உடன்வந்த ஒரு பயிற்றுநர்.

ஆய்வில் சேர்வதற்கான நிபந்தனைகளைக் கவனமாக வாசிக்க வேண்டும். சிறுநீரகமும் கல்லீரலும் சீராக இயங்க வேண்டும், நடமாட்டம் நன்றாக இருக்க வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளால், பங்கேற்பவர்கள் பொதுவான நோயாளிகளைவிட இளையவர்களாகவும் திடமானவர்களாகவும் அமைந்துவிடுகிறார்கள். எழுபத்தைந்து வயதைக் கடந்தவருக்கு ஆய்வின் சராசரி எண்ணை அப்படியே பொருத்துவது சரியாகாது. மொசைக் ஆய்விலேயே 75 வயதுக்கு மேற்பட்டவர்கள் சேர்க்கப்படவில்லை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்ட பிறகும், எந்த நாளிலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ள நோயாளிக்கு உரிமை உண்டு; விலகியவரின் வழக்கமான சிகிச்சைக்கு அதனால் குறை வரக்கூடாது.

நோயாளியும் குடும்பத்தாரும் அறிந்திருக்க வேண்டியவற்றுள் மிகவும் அவசரமானது காலக்கணக்கு. ஆய்வைப் பற்றிப் பலர் கேட்பது எல்லாச் சிகிச்சையும் கைவிட்ட பின்புதான். மேலே கண்ட ஆய்வுகளில் பெரும்பாலானவற்றின் வாசல் அதற்கு வெகு முன்பே மூடிவிடும். நிச்-2 போன்ற ஆய்வுக்குக் கட்டி குடலில் இருக்கும்போதே வந்தாக வேண்டும். மொசைக்கில் அறுவை சிகிச்சை முடிந்து ஏழு வாரங்களுக்குள் மருந்து தொடங்க வேண்டியிருந்தது. சேலஞ்சில் கீமோ முடிந்த பின் சில மாதங்கள் மட்டுமே அவகாசம் இருந்தது. ஆகவே பயாப்ஸி முடிவு கைக்கு வந்த அன்றே மருத்துவரிடம் இரண்டைக் கேட்டுவிட வேண்டும். டிஎன்ஏ பிழைதிருத்தப் பழுதுக்கான சோதனை இந்தத் திசுவில் செய்யப்பட்டதா? அறுவை சிகிச்சைக்கு முன்போ பின்போ சேரக்கூடிய ஆய்வு ஏதேனும் நடக்கிறதா? நடக்கிறது என்று அவர் சொன்னால், அடுத்த கேள்வி, அதில் எதனோடு எதை ஒப்பிடுகிறார்கள் என்பது.